டூகோவா, பி.யூ.வா, பவுடரா? பழைய ஃபியட்டின் உள்தகட்டுக்கு எது சரி

ஃபியட் 1100 டி காருக்குள் உட்கார்ந்தால் கண்ணில் படுவதில் பாதி பெயின்ட் அடித்த தகடு. டாஷ்போர்டின் முகப்பு, கதவுக் கண்ணாடியைச் சுற்றிய சட்டம், தூண்கள் என்று எல்லாமே இரும்பு. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய அதே கார்தான். இன்றைய கார் என்றால் இதையெல்லாம் பிளாஸ்டிக் மூடியிருக்கும், கவலையே இல்லை. என் ஃபியட்டின் உள்தகட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கக் கிளம்பினேன்.

“வெளியே அடிக்கிற பெயின்ட்டையே உள்ளேயும் அடித்துவிடலாம் சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளித்தகடு மழைக்கும் வெயிலுக்கும் தெறிக்கும் கல்லுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். உள்தகட்டின் பாடு வேறு: வியர்த்த கை, சாவிக்கொத்தின் உரசல், கதவு விளிம்பில் சாயும் முழங்கை, காலடி விரிப்புக்குக் கீழே காயாமல் கிடக்கும் ஈரம். இவை ஒவ்வொன்றும் கேட்கும் பெயின்ட் ஒன்றல்ல.

முதலில் பழைய பெயின்ட்டை எடுக்கும் வேலை. மணல் பீய்ச்சி எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் மிக வேகமானது. சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. டாஷ்போர்டுக்கு மட்டும் வேண்டாம். மெல்லிய அகலத் தகடு மணலின் அடியில் நீண்டு நெளிந்துவிடும். அப்புறம் டிங்கரிங் செலவு தனி. தூண்களின் பொந்துக்குள் புகுந்த மணலும் லேசில் வெளியே வராது. பெயின்ட் ரிமூவர் தகட்டை நெளிக்காது. ஆனால் இணைப்பு மடிப்புகளில் துளி தங்கினாலும் பிறகு புதுப் பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும். கடைசியில் நான் நம்பியது கையையும் வாட்டர் பேப்பரையும்தான். சொரசொரப்பான 80ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320 என்று நைசான தாளுக்குப் போனேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

எல்லா இடத்திலும் வெறும் தகடு வரை போகவேண்டும் என்பதும் இல்லை. தின்னரில் நனைத்த பஞ்சைப் பழைய பெயின்ட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது டூகோ எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். சுருங்கிச் சுருக்கம் விழுந்தால் சிந்தெடிக் எனாமல். அதன் மேல் டூகோவோ, பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் பெயின்ட்டோ அடித்தால் முழுவதும் அப்படியே சுருங்கும், எடுத்தே ஆக வேண்டும். ஒன்றும் ஆகாவிட்டால் நன்றாக இறுகிய பெயின்ட். உறுதியாக ஒட்டியிருந்தால் தேய்த்துவிட்டு அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

உள்பக்கத்துக்கே உரிய வில்லன் ஒருவன் உண்டு: டாஷ்போர்டு பாலிஷ். வருடக்கணக்காக அதைப் போட்டுப் பளபளக்க வைத்த காரில் தகடெங்கும் சிலிக்கோன் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் பட்டதும் ஒட்டாமல் விலகி, மீன் கண் போலச் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் விழும். தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய் நீக்கும் கரைசலால் துடைத்துவிட வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் சிலிக்கோன் கீறல்களுக்குள் இறங்கிவிடும். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. கரைசல் ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே மறுபடி படியும்.

தகட்டின் மேல் முதலில் அடிக்கும் பிரைமரில் போட்டி ரெட் ஆக்சைடுக்கும் எபாக்சிக்கும். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே ரெட் ஆக்சைடு மலிவு, எங்கும் கிடைக்கும். மேலே சிந்தெடிக் எனாமல் வருவதானால் தாராளமாக அடிக்கலாம். டூகோ, பி.யூ. தின்னர்களின் காரத்துக்கு அது தாங்காது. ஹார்டனர் என்னும் இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் எபாக்சி வெறும் தகட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஈரத்தையும் தடுக்கும். ஒரு எச்சரிக்கை: துருவைக் கறுப்பாக்கும் பாஸ்பாரிக் அமிலத்தைப் பூசியிருந்தால் நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே எபாக்சி. அமிலம் மிஞ்சினால் பிடிமானம் போய்விடும்.

இனி மேல்பூச்சு. டூகோ என்பது டியூபான்ட் நிறுவனம் 1923இல் தன் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கு வைத்த வணிகப்பெயர். நம் ஊர் பெயின்டர்களுக்கு அந்த வகை முழுவதற்கும் அதுவே பெயர். நிமிடங்களில் காய்வதால் தூசி ஒட்ட நேரமில்லை. தவறினால் தேய்த்து மறுபடி அடிக்கலாம். மினுமினுப்பும் அந்தக் காலத்துக் காருக்கே உரிய அடக்கமான மினுமினுப்பு. இதன் எதிரி ஈரக்காற்று. சென்னையில் நவம்பர் மாதத்து மேகமூட்டமான காலையொன்றில் அவசரப்பட்டு அடித்தேன். கண்ணெதிரே டாஷ்போர்டு பால் தெளித்ததுபோல வெளுத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது. வெயிலடித்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை லேசாக அடித்ததும் தெளிந்தது.

உழைப்பில் பி.யூ. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். வியர்வை, பெட்ரோல், கீறல் எதற்கும் எளிதில் அசையாது. முழங்கை படும் கதவு விளிம்புக்கு அதுதான் சரி. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சுவாசத்தில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். காருக்குள் தலையை விட்டுக்கொண்டு, துணி முகமூடியோடு அடிக்கக் கூடாது. கதவுகளைக் கழற்றி, வெளிக்காற்று வரும் முகமூடி வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுத்தேன். செலவு அதிகம்தான்.

தரைக்கு எபாக்சி, அதன் மேல் கறுப்பு சிந்தெடிக், அதுவும் பிரஷ்ஷால். விரிப்புக்குக் கீழே அழகு எதற்கு?

பவுடர் கோட்டிங் பற்றி நண்பர்கள் நிறையச் சொல்வார்கள். கிட்டத்தட்ட 180 முதல் 200 டிகிரியில் உலையில் வேகும் பூச்சு, கல்போல நிற்கும். உடலோடு வெல்டிங் செய்த டாஷ்போர்டு உலைக்குப் போகாது என்பதால் கழற்றக்கூடியவற்றுக்கு மட்டும்தான். சீட் சட்டங்கள் அருமையாக வந்தன. அந்த உற்சாகத்தில் டாஷ்போர்டு அறையின் மூடியையும் அம்பத்தூருக்கு அனுப்பினேன். எந்தக் காலத்திலோ யாரோ அதில் பட்டி போட்டு நிரவியிருந்தார்கள். நானும் பார்க்கவில்லை, சொல்லவுமில்லை. உலைச் சூட்டில் பட்டி கொப்பளித்து, மூடி அம்மை போட்டதுபோலத் திரும்பி வந்தது. பவுடரைச் சுரண்டி எடுப்பது பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதைவிட மூன்று மடங்கு வேலை. இப்போது அந்த மூடியிலும் டூகோதான்.