கலங்கிய கடல் தொட்டி: தண்ணீர் மாற்றுவதா, துணிப்பையா, யு.வி.யா?

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கும் கடல்நீர்த் தொட்டி ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப்படி 850 லிட்டர்; கல்லும் மணலும் போக 700 தேறும். போன ஆடியில் அது மூன்று வாரம் நீர்மோர் மாதிரியே கிடந்தது.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பாறசாலையில் மீன் கடை வைத்திருப்பவர், "யு.வி. வெச்சா மதி சேட்டா" என்றார்; தண்ணீரைப் புற ஊதா விளக்கு வழியே ஓடவிட்டுக் கிருமியைக் கொல்லும் கருவி அது. கூட்டாளி ஒருவர், "பாதி வெள்ளத்தை மாத்தும்" என்றார்; எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். அம்மா தேத்தாங்கொட்டையை உரசிப் போடச் சொன்னாள். சேற்றுத் தண்ணீருக்கு அது நல்ல வைத்தியம்தான். ஆனால் என் தொட்டியில் கலங்கியது சேறா?

அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்தேன். ஒரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழி. மோட்டார் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. இரவில் அடியில் படிந்தால் தூசி. அந்தப் படிவில் வினிகர் விட்டு நுரைத்தால், பவழ மணல் தூசியாக இருக்கலாம். கால்சியம் கரைசலையும் காரக் கரைசலையும் அடுத்தடுத்து ஊற்றியதால் திரிந்த சுண்ணாம்பாகவும் இருக்கலாம். பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் பாசி. என் டம்ளர் மறுநாள் காலையிலும் அதே வெள்ளையாக இருந்தது. பாக்டீரியா.

இனி ஒவ்வொன்றாக. தண்ணீர் மாற்றுவது எல்லாரும் முதலில் செய்வது. நானும் 200 லிட்டர் வீதம் இருமுறை மாற்றினேன். ஒரு நாள் தெளிவு, மூன்றாம் நாள் பழைய கதை. தீனி இருக்கும்வரை மிச்சமிருக்கும் பாக்டீரியா பெருகிக்கொண்டேதான் இருக்கும். போதாக்குறைக்கு ஆடியில் கடலே கலங்கியிருக்கும். குழித்துறை ஆறு விழும் தேங்காப்பட்டணம் பக்கம் எடுத்த தண்ணீரில் அடர்த்தி 1.018தான் காட்டியது, வேண்டியது 1.025. உப்புப் பொடி கலப்பதென்றால் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், ஒரு நாள் மோட்டார் போட்டுக் கலக்கவும் வேண்டும். மீன் செத்து அம்மோனியா ஏறிவிட்டால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

துணிப்பை வடிகட்டி மலிவு. மணல் தூசியென்றால் 10 மைக்ரான் பை ஒரே இரவில் காரியத்தை முடித்துவிடும். பாக்டீரியாவோ ஒரு மைக்ரான் அளவுதான், சல்லடையில் கடுகு போவது போலப் போய்விடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைக்காவிட்டால், பையில் சிக்கிய அழுக்கே அழுகி அதற்குத் தீனியாகவும் ஆகும்.

யு.வி. இவற்றைவிடக் கெட்டிக்காரன். பச்சைத் தண்ணீரென்றால் பேச்சே இல்லை, நேராக அதுதான். வெள்ளைக் கலங்கலுக்கும் கேட்கும். அது கொல்வது குழாய் வழியே போவதை மட்டும்தான்; கல்லில் ஒட்டியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. நான் 55 வாட் வைத்தேன். நான்கு நாளில் பாதிக்கு மேல் தெளிந்தது. சரி, தீர்ந்தது என்று அணைத்தேன். இரண்டாம் நாள் திரும்பவும் மோர்! இன்னொன்று: அந்த பல்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் வீரியம் போய்விடும், மாற்ற வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்யும்.

அப்புறம்தான் புத்தி வந்தது. மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டைக் குறைக்க நான் தினமும் வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வினிகர் பாக்டீரியாவுக்குத் தீனி; அது வளரும்போது நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் என்ற நுரை வடிகட்டி அந்த பாக்டீரியாவை நுரையோடு வெளியேற்றும். முறை சரிதான், ஆனால் நான் அவசரப்பட்டு அளவைக் கூட்டிவிட்டேன். ஸ்கிம்மர் கழுத்திலோ விரல் தடிமனுக்கு அழுக்கு. நுரை ஏறவே இல்லை.

வினிகரை நிறுத்தினேன், மீன் தீனியைப் பாதியாக்கினேன், ஸ்கிம்மரைக் கழுவி ஓடவிட்டேன். இரவில் காற்றுக்கல்லும் போட்டேன். பாக்டீரியா பெருகினால் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆகவே வெள்ளைக் கலங்கலுக்கு என் வரிசை இது: தீனியை வெட்டு, ஸ்கிம்மர், ஒரு வாரப் பொறுமை, அதற்கும் மசியாவிட்டால் யு.வி. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், பெரிய ஸ்கிம்மராக வாங்குங்கள்.

தெளிவை அளக்க ஒரு வேலை செய்தேன். முன்னால் நின்று பார்த்தால் இரண்டரை அடிதான், ஏமாற்றிவிடும். தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியில் தினக் காலண்டர் தாளை ஒட்டி, மறுபக்கத்திலிருந்து ஆறடித் தண்ணீர் வழியே படித்தேன். ஐந்தாம் நாள் தேதி தெரிந்தது. ஒன்பதாம் நாள் ராகுகாலம். எமகண்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது.