மருத்துவக் கல்லூரி விண்ணப்ப ஆலோசனைச் சேவை: ஓராண்டு அனுபவம்

அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகளைத் திட்டமிட்டுத் தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் என் மகளை ஓராண்டுக்குச் சேர்த்திருந்தேன். பல அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரே சமயத்தில் அனுப்ப உதவும் ஆம்காஸ் (AMCAS) என்ற பொது விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்தான் இடம். மிக முக்கியமானவை என்று தேர்ந்தெடுக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள் கிடைக்கும். பதினைந்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற எங்கள் பதற்றத்தை முதல் சந்திப்பிலேயே போக்கியதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்திமப் பராமரிப்பு இல்லத்தில் வாரந்தோறும் செய்த தன்னார்வப் பணியைப் பற்றி, "நோயாளிகளுக்கு உதவினேன்" என்று மகள் எழுதியிருந்தாள். ஆலோசகர் அந்த வரியை அடித்துவிட்டு, யாருக்கு, எப்படி என்று கேட்டார். கை நடுங்கும் முதியவர் ஒருவரின் தேநீர்க் கோப்பையைத் தாங்கிப் பிடித்தபடி, அவர் திக்கித் திக்கிப் பேசி முடிக்கும்வரை காத்திருந்ததை அவள் சொன்னதும், "இதைத்தான் எழுத வேண்டும்" என்றார். அன்றிரவே பணி செய்த மணிக்கணக்கையும் கண்டதையும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினாள்.

கட்டணம் அதிகம். அதைவிட, வெளிநாட்டு மருத்துவ முகாமுக்கு இரண்டு வாரப் பயணம் செல்லுமாறு திரும்பத் திரும்ப வற்புறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி பெறாத மாணவர்கள் இத்தகைய முகாம்களில் தகுதிக்கு மீறிய சிகிச்சைப் பணிகளில் இறங்கக் கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் வழிகாட்டுதலே எச்சரிக்கிறது. நாங்கள் மறுத்துவிட்டோம்.

விண்ணப்பத்துக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே சேர முடிந்தவர்களுக்கு மட்டும் இச்சேவையைப் பரிந்துரைப்பேன். கடைசி மாதங்களில் செல்பவர்களுக்கு வாக்கியங்களைச் செப்பனிட்டுத் தருவதற்குமேல் இவர்களால் எதுவும் செய்ய இயலாது.