நெருஞ்சிக் காலமும் என் சைக்கிள் பையும்

2022 நடுப்பகுதியில் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய்த்தான் சைக்கிளுக்குத் திரும்பினேன். அந்த நேரம் இலங்கை முழுக்கச் சைக்கிளுக்கு அடிபாடு, புதுச் சைக்கிளின் விலை கைக்கு எட்டவில்லை. சித்தப்பாவின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற மவுண்டன் சைக்கிள் ஒன்று கொட்டிலில் கிடந்தது. அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓடத் தொடங்கினேன். வீட்டிலிருந்து நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் 11 கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிற ஏ34 வீதியில் பாதித் தூரம், மிச்சம் உள்ளே இறங்கும் கிரவல் றோட். பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் நான் சைக்கிளை விடவில்லை. மூன்று வருடம் தாண்டிவிட்டது.

இந்த மூன்று வருடத்தில் சைக்கிளைப் பற்றி நான் அதிகம் படித்த பாடம் காற்றுப் போவதுதான். காலை 7.30க்குப் பள்ளிக்கூட வரவுப் பதிவில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். பட்டணத்தில் காற்றுப் போனால் பத்து நிமிடம் உருட்டினால் ஒரு கடை வரும். எங்கள் வீதியில் இரண்டு பக்கமும் காடு. கடை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். பின்னேரம் என்றால் இன்னொரு பிரச்சினை. இருட்டும் நேரத்தில் யானை வீதியைக் கடக்கும். அந்த நேரத்தில் காற்றுப் போன சைக்கிளோடு தனியாக நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், இரண்டு தடவை நின்றிருக்கிறேன். ஆகவே இதை விளையாட்டாக எழுதவில்லை.

முதலில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் போய் '26 ரியூப் ஒன்று தாங்கோ' என்று வாங்கிப் பையில் போட்டேன். ஐந்து மாதம் நிம்மதியாகத் திரிந்தேன். ஒருநாள் கரிப்பட்டமுறிப்புக்கு இங்கால் பின் சில்லுக் காற்றுப் போனது. புது ரியூபை எடுத்து ஏற்றினால் அது பெரிதாகக் கிடந்து மடிப்பு விழுகிறது. எப்படியோ அமுக்கி உள்ளே தள்ளிக் காற்றடித்தேன். இரண்டு கிலோமீற்றர் போகவில்லை, மடிப்பிலேயே வெடித்தது. கடைக்காரர் தந்தது லேடீஸ் சைக்கிளின் 26. அதுவும் 26 அங்குலம்தான், ஆனால் 26 × 1⅜. என்னுடையது 26 × 1.95. பெயரில் இரண்டும் 26, றிம் அளவு வேறு. ரயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் சின்னதாக இருக்கும். லேடீஸ் சைக்கிளில் 37-590, என்னுடையதில் 50-559. பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் ரயர் றிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீற்றரில். அப்பாவின் பெரிய 28 சைக்கிளில் அது 635. கடைக்குப் போகமுன் இந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டதை அவர் தந்தார்.

இரண்டாவது, சொலுசன். ஒட்டுப் பெட்டியில் வரும் அந்தச் சின்னக் குழாய்ப் பசை. ஒருதடவை திறந்துவிட்டால் எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் உள்ளே வற்றிவிடுகிறது. வெளியே பார்த்தால் குழாய் நிறைந்ததுபோல இருக்கும், அமத்தினால் ஒன்றும் வராது. பெட்டி பையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நான் ஒரு வருடம் ஓடியிருக்கிறேன். இப்போது திறக்காத குழாய் ஒன்று மட்டும் பையில். திறந்தது வீட்டில் பாவிக்க. ஒவ்வொரு தவணை தொடக்கத்திலும் அமத்திப் பார்ப்பேன். சொலுசன் பூசாமல் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் ஒட்டும் வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை சரி. அடுத்தநாள் மத்தியானம் பள்ளிக்கூட முற்றத்து வெயிலில் சைக்கிள் நின்றதும் ஓரம் கிளம்பிவிட்டது. அவசரத்துக்கு மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன்.

உண்மையில் றோட்டில் நின்று ஒட்டுப் போடுவதை நான் விட்டுவிட்டேன். என் சைக்கிளில் சில்லைக் கையாலேயே கழற்றலாம், ஆணித் திறப்பு வேண்டாம். அதனால் நல்ல ரியூபை மாற்றிவிட்டு, ஓட்டை ரியூபைச் சுருட்டிக்கொண்டு வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக ஒட்டுப் போடுவேன். ஓட்டையைச் சுற்றி உரஞ்சி, சொலுசனை ஒட்டுத் துண்டைவிடக் கொஞ்சம் அகலமாகப் பூசி, ஈர மினுக்கம் போய் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை நான்கைந்து நிமிடம் பொறுத்திருந்தால் அந்த ஒட்டு ரியூபின் ஆயுளுக்கும் இருக்கும். பொறுக்காமல் ஈரத்திலேயே அமத்துவதால்தான் பலருடைய ஒட்டு கழருகிறது. வாயால் ஊதிக் காயவைப்பதும் கூடாது, மூச்சின் ஈரம் படும்.

ஆனால் அப்பாவின் 28 சைக்கிளுக்கு இந்த முறை சரிவராது. பின் சில்லைக் கழற்றினால் செயின் கவர், நட்டு, ஸ்ராண்ட் என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். கடைக்காரர்கள் அதைக் கழற்றுவதே இல்லை. சைக்கிளைச் சரித்து, ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ரியூபை வெளியே இழுத்து, அந்த இடத்திலேயே ஒட்டிவிடுவார்கள். அப்படியான சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒட்டுச் சாமானையும் கையளவு வால்வ் றப்பரையும் வைத்திருந்தால் போதும். பழைய வகை வால்வுக்குள் இருக்கும் அந்த மெல்லிய றப்பர் குழாய் வெடித்தாலே காற்று மெதுவாகப் போகும். ரயரைக் கழற்றமுன் வால்வ் வாயில் கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் ரியூபில் ஓட்டை இல்லை, றப்பரை மாற்றினால் சரி.

இனி முள். இதைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன். மாரி முடிந்து தை, மாசியில் நிலம் காயும்போது வீதியோரத்து நெருஞ்சியும் காய்ந்து உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஆட்டுக் கொம்புபோல இரண்டு பெரிய முள், எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். என் டயறியில் காற்றுப் போன நாட்களைக் குறித்து வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள்தான். குளக்கட்டில் ஓடினால் இன்னும் மோசம். முத்தையன்கட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ரயரில் ஏழு முள் எண்ணினேன். முள் ரயரில் நிற்கும்வரை காற்று உடனே போகாது. பிடுங்கினால்தான் சீறும். வீட்டுக்குக் கிட்ட என்றால் பிடுங்காமல் ஓடி வந்துவிடுவேன்.

ரியூபை மாற்றிவிட்டு முள்ளை ரயரிலேயே விட்டால் அதே இடத்தில் திரும்பவும் குத்தும். இது எல்லாருக்கும் தெரியும், அவசரத்தில் எல்லாரும் மறப்போம். நான் செய்வது இதுதான். ரயரில் பெயர் எழுதியிருக்கும் இடத்தை எப்போதும் வால்வுக்கு நேரே வைத்துப் பூட்டுவேன். ரியூபைக் கழற்றிக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால் ரயரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் ஓட்டையைத் தேட ரியூபைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துச் சுற்றுவேன். கன்னம் காற்றை நன்றாக உணரும்.

போன வருடம் ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை, ஒரே இடத்தில், இரவோடு இரவாகக் காற்று இறங்கியது. விரலால் தடவினேன், ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இல்லை. மாங்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து ரயரின் உள்பக்கமாக மெதுவாக ஒரு சுற்று இழுத்தார். ஒரு இடத்தில் பஞ்சின் நூல் ஒன்று மட்டும் சிக்கி நின்றது. "இஞ்சை பாருங்கோ ரீச்சர்" என்று நகவெட்டியால் பிடித்து இழுத்தார். தலைமயிர் அளவு கம்பி, அரை சென்ரிமீற்றர்கூட இல்லை. லொறி ரயர் வெடித்துச் சிதறும்போதும், ரயரை எரிக்கும்போதும் வீதியில் கிடக்கும் கம்பி அது. "ஒட்டுப் போடுறது வேலையில்லை, இதைத் தேடுறதுதான் வேலை" என்றார். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நகவெட்டியும் கொஞ்சம் பஞ்சும் என் பையில் இருக்கிறது.

ஓட்டையின் வடிவத்தையும் பாருங்கள். பாம்பு கடித்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் அது முள் இல்லை. காற்றுக் குறைவாக ஓடிக் கிடங்கில் விழுந்து, றிம் ரியூபை நசித்திருக்கிறது. ரயரில் காற்றழுத்தம் 40 முதல் 65 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. நான் கிரவலுக்கு 45 வைக்கிறேன். ஓட்டை றிம் பக்கம் இருந்தால் சில்லுக் கம்பிகளின் முனையை மூடியிருக்கும் நாடா விலகியிருக்கும், அதைச் சரிபண்ணாமல் புது ரியூப் போட்டுப் பயனில்லை.

அப்பா 90களில் வன்னிக்குள் பெற்றோல் இல்லாத காலத்தில் மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் சைக்கிளில்தான் மூட்டை கட்டி ஓடியவர். பழைய ரயரின் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உள்ளே ஒரு படையாக வைத்து ஓடியதாகச் சொல்வார். நானும் செய்து பார்த்தேன். நெருஞ்சி உள்ளே வரவில்லை, ஆனால் அந்தத் துண்டின் ஓரமே ரியூபை உரஞ்சி ஓட்டை போட்டது. "ஓரத்தை மெலிசாச் சீவினனியோ பிள்ளை?" என்று அப்பா கேட்டார். நான் சீவவில்லை. இப்போது ரயருக்குப் பதில் பழைய ரியூபை நீட்டுக்குக் கீறி உள்ளே விரித்திருக்கிறேன். சைக்கிள் கொஞ்சம் பாரமாக உழக்குகிறது. ஆனால் இந்த மாசியில் ஒரேயொரு தடவைதான் காற்றுப் போனது.

ரியூபுக்குள் ஊற்றும் பச்சைத் திரவம் கொழும்பிலிருந்து ஒரு தோழி கொண்டுவந்து தந்தாள். முள் ஓட்டையை நன்றாகவே அடைத்தது. ஆனால் வருடத்துக்குள் உள்ளே காய்ந்து கட்டியாகி, வால்வையும் அடைத்துவிட்டது, அந்த ரியூபில் ஒட்டும் பிடிக்கவில்லை. நான் திரும்ப வாங்க மாட்டேன். ஒருதடவை அடித்தால் முடிந்துவிடும் காபனீரொட்சைட்டுக் குப்பியும் எனக்கு வேண்டாம். அதே நாளில் இரண்டாவது முள் குத்தினால் என்ன செய்வது?

காற்றடிக்கும் பம் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். முதலில் வாங்கிய சின்னப் பம்மை நேரே வால்வில் மாட்டி அடிக்க வேண்டும். அடிக்கிற ஆட்டத்தில் வால்வின் அடியே கிழிந்தது, நல்ல ரியூப் ஒன்று அதோடு போச்சு. இப்போதுள்ளதில் இழுத்து மாட்டும் குழாய் இருக்கிறது, வாயைத் திருப்பினால் கார் வால்வுக்கும் பழைய வால்வுக்கும் பொருந்தும். 250, 300 அடி அடித்தால்தான் ஓடும் அளவுக்கு இறுகும். கை நோகும், ஆனால் ஓடலாம்.

மேலதிக ரியூபைச் சாவிகளோடு சும்மா பையில் போடாதீர்கள். குலுங்கி உரஞ்சி அதிலேயே ஓட்டை விழும். பவுடர் தடவி, பொலித்தீன் பையில் சுற்றி, பழைய காலுறைக்குள் வைத்திருக்கிறேன். பிளாஸ்ரிக் நெம்பி இரண்டு. கரண்டிக் காம்பால் நெம்பி ரியூபைக் கிழித்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. கூடவே பால்மாப் பையில் வெட்டிய ஒரு துண்டு. ரயரே கிழிந்தால் மடித்து உள்ளே வைத்து வீடு வரலாம்.

போன வைகாசி வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும்போது முள்ளியவளைக்கு முன்னால் ஒரு குடும்பம் சைக்கிளைச் சரித்துப்போட்டு நின்றது. கரியரில் சின்னப் பிள்ளை, கையில் நேர்த்திக்குக் கொண்டுபோன பானை. வால்வ் றப்பர்தான் வெடித்திருந்தது. ஐந்து நிமிட வேலை.

இப்போது என் பின் ரயரின் கட்டைகள் நடுவில் தேய்ந்து வழவழத்துவிட்டன, நெருஞ்சி சுலபமாக இறங்கும். தை பிறக்கமுன் மாற்ற வேண்டும். 50-559, போனில் படம் இருக்கிறது.