ஏரெஸும் மார்ஸும்: பெயர் மட்டும்தான் வேறா?

கிரேக்க, ரோமானியக் கடவுள்களை அறிமுகப்படுத்தும் புத்தகங்களில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் கிரேக்கப் பெயர், மறுபக்கம் ரோமானியப் பெயர். ஜீயஸ் என்றால் ஜூபிடர், ஹீரா என்றால் ஜூனோ, போசைடன் என்றால் நெப்டியூன், ஏரெஸ் என்றால் மார்ஸ். பெயர்தான் வேறு, ஆள் ஒன்றுதான் என்ற எண்ணம் அங்கேதான் மனதில் ஒட்டிக்கொள்கிறது. மற்ற ஜோடிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கடைசி ஜோடிக்குச் சுத்தமாகப் பொருந்தாது. கையில் ஈட்டி, தலையில் கவசம் என்ற தோற்றத்தைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தால், ஏரெஸும் மார்ஸும் இரண்டு வெவ்வேறு மக்கள் போரைப் பற்றி வைத்திருந்த இரண்டு வெவ்வேறு எண்ணங்கள்.

முதலில் ஏரெஸ். ஹோமரின் இலியட்டில் 5-ஆம் காண்டம். ஏரெஸ் டிராய் பக்கம் நின்று கிரேக்கர்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கிறான். கிரேக்க வீரன் டயோமிடீஸின் தேரில் தேவி அதீனா ஏறுகிறாள். ஏரெஸின் கண்ணில் படாமல் இருக்க, பாதாளக் கடவுள் ஹேடீஸின் தலைக்கவசத்தை அணிந்துகொள்கிறாள். ஏரெஸ் பாய்ச்சிய ஈட்டியை அவள் கையால் தள்ளிவிடுகிறாள். அடுத்து டயோமிடீஸ் ஓங்கிய ஈட்டியை அவளே அழுத்தி ஏரெஸின் அடிவயிற்றில் இறக்குகிறாள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் ஒன்றாகக் கத்தியதுபோல் அவன் அலறினான் என்கிறார் ஹோமர். இரண்டு படைகளும் நடுங்கிப்போகின்றன. ஒலிம்பஸுக்கு ஓடிப்போய், வழியும் ரத்தத்தைக் காட்டி அப்பாவிடம் முறையிடுகிறான். ஜீயஸ் ஆறுதல் சொல்வதில்லை. ஒலிம்பஸில் இருக்கும் தேவர்களிலேயே எனக்கு ஆகாதவன் நீதான், எந்நேரமும் சண்டையும் சச்சரவும்தான் உனக்குப் பிடிக்கும், வேறு எவருக்காவது பிறந்திருந்தால் எப்போதோ உன்னைக் கீழே தள்ளியிருப்பேன் என்று பொரிந்து தள்ளுகிறார். அதன் பிறகுதான் மருந்து போடச் சொல்கிறார்.

இது ஒருமுறை நேர்ந்த அவமானம் இல்லை. 21-ஆம் காண்டத்தில் அதீனா ஒரு பெரிய கல்லைத் தூக்கி அவன் கழுத்தில் அடிக்கிறாள். தலைமுடி புழுதியில் புரள விழுகிறான், அவள் சிரிக்கிறாள். ஓட்டஸ், எஃபியால்டிஸ் என்ற இரண்டு அரக்கர்கள் அவனைக் கட்டி ஒரு வெண்கலச் சாடியில் 13 மாதம் அடைத்து வைத்திருந்த கதையும் இலியட்டிலேயே வருகிறது. தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் போய்த் திருட்டுத்தனமாக மீட்டிருக்காவிட்டால் அங்கேயே மடிந்திருப்பானாம். போர்க்கடவுளை ஒரு சாடிக்குள் அடைக்கலாம் என்று நினைத்துப் பார்த்த மக்கள் கிரேக்கர்கள்.

ஏன் இப்படி? கிரேக்கர்கள் போரை வெறுத்தவர்கள் அல்லர். ஊருக்கு ஊர் அடித்துக்கொண்டே இருந்தவர்கள். ஆனால் போரின் இரண்டு முகங்களை அவர்கள் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். திட்டம், கட்டுப்பாடு, ஊரைக் காப்பது, வெற்றி எல்லாம் அதீனாவுக்கு. களத்தில் பரவும் வெறியும் ரத்தமும் காரணமற்ற கொலையும் ஏரெஸுக்கு. அவனுக்குக் காதல் தேவி அஃப்ரோடைட்டியிடம் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் ஃபோபஸ், டெய்மாஸ், அதாவது அச்சமும் நடுக்கமும். (1877-இல் அசாஃப் ஹால் செவ்வாய்க் கோளின் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்தபோது அவற்றுக்கு இந்தப் பெயர்கள்தான் கிடைத்தன. கோளுக்கு மார்ஸ் என்ற ரோமானியப் பெயர், அதைச் சுற்றும் நிலவுகளுக்குக் கிரேக்கப் பெயர்.) அவன் சொந்த ஊர்கூடக் கிரேக்கம் இல்லை, வடக்கே காட்டுமிராண்டிகள் வாழ்வதாக அவர்கள் எண்ணிய திரேஸ் என்றே சொல்லிவைத்தார்கள்.

அதற்காக அவனை யாரும் கும்பிடவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல அறிமுகங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஆர்க்கேடியாவிலுள்ள டெஜியா ஊரில் அவனுக்குப் பெண்களின் விருந்துக்கு உரியவன் என்ற பொருளில் ஒரு பட்டமே இருந்தது. ஸ்பார்ட்டாக்காரர்களை அந்த ஊர்ப் பெண்கள் ஆயுதமேந்தித் தோற்கடித்து, ஏரெஸுக்குப் பலியிட்டு, ஆண்களுக்கு ஒரு துண்டு இறைச்சிகூடக் கொடுக்காமல் தாங்களே உண்டார்கள் என்று பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார். ஸ்பார்ட்டாவில் எனியாலியஸ் என்ற பெயரில் அவனுக்கு ஒரு பழைய சிலை இருந்தது. அதன் கால்களில் விலங்கு. போர்க்கடவுள் தங்கள் ஊரை விட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பக்திதான், ஆனால் நம்பிக்கை இல்லாத பக்தி.

இப்போது ரோமுக்கு வருவோம். ரோமானிய அரசியல்வாதி கேட்டோ கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய நூலில், நிலத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்கு ஒன்று வருகிறது. பால்குடி மறவாத பன்றிக்குட்டி, ஆட்டுக்குட்டி, கன்று ஆகிய மூன்றையும் வயலைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து பலியிட வேண்டும். அப்போது சொல்ல வேண்டிய வேண்டுதலையும் சொல்லுக்குச் சொல் கொடுத்திருக்கிறார். "தந்தையே மார்ஸ்" என்றுதான் அது அழைக்கிறது. எனக்கும் என் வீட்டுக்கும் என் குடும்பத்துக்கும் அருள் செய், கண்ணுக்குத் தெரியும் நோயையும் தெரியாத நோயையும் தடுத்து நிறுத்து, விளைச்சலும் தானியமும் திராட்சைத் தோட்டமும் செழிக்கட்டும், மேய்ப்பர்களையும் மந்தையையும் நலமாக வை என்று வரி வரியாகப் போகிறது. எதிரியைக் கொல் என்ற பேச்சே இல்லை. பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் இது ஒரு போர்க்கடவுளுக்கான வேண்டுதல் என்று யாருக்கும் தோன்றாது.

மார்ஸ் அடிப்படையில் விவசாயக் கடவுளா, போர்க்கடவுளா என்று அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. எனக்கு இந்தக் கேள்வியே தேவையற்றதாகப் படுகிறது. அவர் எல்லையில் நிற்பவர். வயலின் எல்லையில் நின்றால் நோயையும் பூச்சியையும் தடுக்கிறார். ஊரின் எல்லையில் நின்றால் எதிரியைத் தடுக்கிறார். ரோமில் அவருக்குரிய இடங்களும் இதையே காட்டுகின்றன. கி.மு. 388-இல் அவருக்கு எழுந்த கோயில், நகர மதிலின் கப்பேனா வாயிலுக்கு வெளியே இருந்தது. படைகள் கூடிப் பயிற்சி செய்த மார்ஸ் திடல் நகரின் புனித எல்லைக்கு வெளியே இருந்தது. நெடுங்காலம் அந்த எல்லைக்குள் அவருக்குப் பெரிய கோயில் எழவில்லை. அரசமாளிகை என்று அழைக்கப்பட்ட ரெஜியாவில் அவருடைய புனித ஈட்டிகள் மட்டும் இருந்தன. போருக்குப் புறப்படும் தளபதி அவற்றை அசைத்து, "மார்ஸ், விழித்தெழு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஏரெஸை எழுப்ப வேண்டிய அவசியம் கிரேக்கர்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவன் எப்போதும் விழித்தே இருந்தான்.

நாள்காட்டியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். பழைய ரோமானிய ஆண்டு தொடங்கியதே மார்ஸின் மாதமான மார்ச்சில்தான். அந்த மாதத்தில் சாலியர் என்ற பூசாரிகள், 8 என்ற எண்ணைப் போன்ற வடிவிலுள்ள கேடயங்களைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் குதித்தாடிப் போவார்கள். நுமா அரசரின் காலத்தில் வானிலிருந்து ஒரு கேடயம் விழுந்தது என்றும், அதை யாரும் திருடிவிடாமல் இருக்க மமூரியஸ் என்ற கொல்லர் அச்சு அசலாக மேலும் 11 செய்து கலந்துவிட்டார் என்றும் கதை. அக்டோபர் 15 அன்று மார்ஸ் திடலில் தேர்ப்பந்தயம் நடக்கும். வென்ற தேரின் வலப்பக்கக் குதிரையை மார்ஸுக்குப் பலியிடுவார்கள். அதன் தலைக்காகப் புனித வீதிக்காரர்களும் சுபூராப் பேட்டைக்காரர்களும் மல்லுக்கட்டுவார்கள். வாலை வெட்டி, ரத்தம் சொட்டச் சொட்ட ரெஜியாவுக்கு ஓடிப்போய் அடுப்பின் மேல் விழச் செய்வார்கள். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 19-இல், ஆயுதங்களைத் தூய்மைப்படுத்தும் விழா. மார்ச்சில் போர்க்காலம் திறக்கும், அக்டோபரில் மூடும். போருக்கு ஒரு கதவு வைத்து, அதற்கு வாசற்காவலராக மார்ஸை நிறுத்தினார்கள் ரோமானியர்கள். ஏரெஸைச் சுற்றி இப்படி ஓர் ஆண்டு முழுவதையும் அமைத்துக்கொண்ட கிரேக்க நகரம் எதையும் நான் படித்ததில்லை.

குடும்ப உறவு என்று பார்த்தால் போட்டியே இல்லை. ரோமுலஸும் ரீமஸும் மார்ஸின் பிள்ளைகள். தாய் ரியா சில்வியா. அவர்களுக்குப் பால் கொடுத்த ஓநாய் மார்ஸின் விலங்கு, தீனி கொண்டுவந்த மரங்கொத்தி மார்ஸின் பறவை. ஒவ்வொரு ரோமானியனுக்கும் அவர் பாட்டன். ஏரெஸுக்கும் தீப்ஸ் நகரத்தோடு ரத்த உறவு உண்டு, அவன் மகள் ஹார்மோனியா அந்நகரை நிறுவிய காட்மஸை மணந்தவள். ஆனால் அதற்கு முன் காட்மஸ் ஏரெஸின் பாம்பைக் கொன்றுவிட்டு எட்டு ஆண்டு அடிமையாக உழைக்க வேண்டியிருந்தது.

கதை சொல்லும் சுவையில் மட்டும் ஏரெஸ் வெகு தூரம் முந்திவிடுகிறான். மார்ஸுக்கென்று பிறந்த கதைகள் குறைவு. பண்டைய ரோமானியர்கள் கடவுளைச் சடங்கில் கண்டார்கள், கதையில் அவ்வளவாக இல்லை. அதனால் கிரேக்கக் கதைகளைக் கடன் வாங்கியபோது அவர்களுக்கு ஒரு சங்கடம். ஏரெஸும் அஃப்ரோடைட்டியும் கள்ளத்தனமாகச் சேர்ந்திருக்கையில், அவள் கணவன் ஹெஃபெஸ்டஸ் கண்ணுக்குத் தெரியாத வலையில் இருவரையும் பிடித்து, தேவர்களைக் கூட்டி வந்து சிரிக்க வைத்தான் என்பது ஒடிசியில் பாடப்படும் கதை. ரோமில் மார்ஸ் முன்னோர். அஃப்ரோடைட்டிக்கு ரோமானியப் பெயரான வீனஸோ, ரோமானியர்கள் தங்கள் மூதாதையாகக் கொண்ட டிராய் வீரன் ஏனியாஸின் தாய், அவரும் முன்னோர். கி.மு. 217-இல், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் அடிமேல் அடி வாங்கிய ஆண்டில், 12 கடவுள்களின் உருவங்களைக் கட்டில்களில் வைத்து விருந்து படைத்தார்கள். மார்ஸையும் வீனஸையும் ஜோடியாக ஒரே கட்டிலில் வைத்தார்கள், எந்தக் கூச்சமும் இல்லாமல். கிரேக்கத்தில் ஊர் சிரித்த உறவு ரோமில் பெற்றோரின் உறவாகிவிட்டது.

ஊரும் வயலும் பிழைக்க ஒரு கடவுள் வேண்டுமென்றால் நான் மார்ஸிடம்தான் போவேன். போர் என்றால் என்ன என்ற உண்மையைக் கேட்க வேண்டுமென்றால் ஏரெஸிடம். கிரேக்கர்கள் அவனைக் கேவலப்படுத்திக்கொண்டே இருந்தது ஒரு பெரிய நேர்மை. கொலைவெறியை அவர்கள் எந்த நல்ல பெயராலும் அழைக்கவில்லை. ரோமில் அந்த வெறி தந்தை என்ற மரியாதைக்குள் ஒளிந்துகொண்டது. ரோமின் முதல் பேரரசர் ஆகஸ்டஸ் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். தன் சுவீகாரத் தந்தை சீசரைக் கொன்றவர்களை எதிர்த்து கி.மு. 42-இல் ஃபிலிப்பியில் போரிட்டபோது நேர்ந்துகொண்டபடி, பழிதீர்க்கும் மார்ஸுக்குத் தன் புதிய மன்றத்தில் பளிங்குக் கோயில் கட்டி கி.மு. 2-இல் அர்ப்பணித்தார். கிழக்கே இருந்த எதிரிகளான பார்த்தியர்களிடமிருந்து திரும்பப் பெற்ற ரோமானியப் படைச்சின்னங்களை அங்கே வைத்தார். எல்லைக்கு வெளியே காவல் நின்றவர், ஒரு குடும்பத்தின் பழிவாங்கலுக்குக் கடவுளாக ஊருக்குள் வந்துவிட்டார்.

அதே ஆகஸ்டஸ் காலத்தில் ஏதென்ஸிலும் ஒன்று நடந்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்து, திரும்ப அடுக்குவதற்குத் தோதாக ஒவ்வொரு கல்லிலும் எழுத்துக்குறி பொறித்து, நகரின் நடுவே அகோரா என்ற பொதுத் திடலுக்குக் கொண்டுவந்து ஏரெஸின் கோயிலாக நிறுத்தினார்கள். ஆகஸ்டஸின் சுவீகார மகன் கயஸை "புதிய ஏரெஸ்" என்று புகழும் கல்வெட்டும் ஏதென்ஸில் கிடைத்திருக்கிறது. ரோமானிய மார்ஸின் மதிப்பு கிரேக்க ஏரெஸின் மேல் ஏற்றப்பட்டது. அந்தக் கோயிலின் கற்கள் பல்லினி என்ற ஊரிலிருந்து வந்தவை என்று தொல்லியல் அறிஞர்கள் இன்று கருதுகிறார்கள். அங்கே அது அதீனாவின் கோயிலாக இருந்தது.