வடிதாளா, தானியங்கியா?

காற்றை அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய முறையில், மாடியில் வைத்த கருவி காற்றை உறிஞ்சும். வெள்ளை வடிதாள் மெல்லச் சாம்பல் நிறமாகும். அதை ஆய்வகத்தில் எடைபோடுவார்கள். வாரத்துக்கு 2 நாள், ஆண்டுக்கு 104 நாள். மீதி 261 நாள் நாம் மூச்சுவிட்டதற்குக் கணக்கே கிடையாது! ஆண்டுச் சராசரிக்கு இது போதும். இன்று பிள்ளையைத் தெருவில் விளையாட விடலாமா என்று கேட்டால் பதில் வராது.

தானியங்கி நிலையம் இரவு பகலாக அளக்கிறது. விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம்தான். ஆனாலும் என் வாக்கு இதற்கே.

ஒரு குறை இதிலும் உண்டு. இதன் அளவுகளிலிருந்து கணக்கிடும் காற்றுத் தரக் குறியீடு (AQI) நுண்தூசியை 24 மணி நேரச் சராசரியாகவே பார்க்கிறது. நள்ளிரவில் ஒரு மணி நேரம் எழும் புகை அதில் கரைந்துவிடும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்களுக்குத் தொல்லை நெடிதான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடோ, 2009இல் அறிவித்த தேசியத் தரநிலையின் 12 மாசுகளில் இல்லை. ஆகவே தானியங்கி நிலையம் இந்த உப்பனாற்றங்கரை ஊர்களுக்குள்ளேயே, அந்த வாயுவையும் அளக்கும் கருவியோடு வர வேண்டும்.