கால் நீட்ட இடம் என்று சொல்லி 31,850 ரூபாய்: பெற்றோரை வெளிநாடு அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

டாலஸிலிருந்து எழுதுகிறேன். வந்து இறங்கி நாலு நாள் ஆகிறது, அம்மாவின் இடது கணுக்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. தங்கைக்குப் பிரசவ தேதி நெருங்குகிறது, வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. எகானமி வகுப்பில் வயதானவர்களை வலி தெரியாமல் எப்படிக் கூட்டிப்போவது என்று விவரமாக ஒரு பதிவு போடுகிறேன் என்று கிளம்புமுன் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது உட்கார்ந்தால் அந்த 31,850 ரூபாயைப் பற்றித்தான் கை எழுதுகிறது.

அம்மாவுக்கு 68 வயது. போன வருடம் இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக நடக்கிறார், மாடிப்படிகூட மெதுவாக ஏறிவிடுவார். காலை மடக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் மூட்டு இறுகிப்போகும். எழுந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலு மணி நேரம், அங்கே மாறி டாலஸுக்குப் பதினாறு மணி நேரம். பிசினஸ் வகுப்பு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எலும்பு டாக்டர் மூன்றே விஷயம்தான் சொன்னார்: நடைவழி ஓர சீட்டு, கால் நீட்ட இடம், மணிக்கொரு தரம் எழுந்து நாலு அடி நடப்பது. காலில் ரத்தம் உறைந்துவிடும் என்பது அவருக்குக் கவலை. நாலு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் அசையாமல் பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு நாலு இல்லை, இருபது மணி நேரம்.

டிக்கெட் போட்டது ஒரு ஆன்லைன் புக்கிங் தளத்தில். புகார் நடந்துகொண்டிருக்கும்போது பெயரைப் போடாதே என்று அண்ணன் சொல்வதால் பெயர் எழுதவில்லை. எல்லா விமான நிறுவனங்களின் டிக்கெட்டையும் ஒரே இடத்தில் விற்கிற தளம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் எடுத்த மறுநாளே போன் வந்தது. பேசிய பையனுக்கு நல்ல குரல், மரியாதையான பேச்சு. "அக்கா, டிக்கெட்ல வீல்சேர் கேட்டிருக்கீங்க, அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று அவனாகத்தான் கேட்டான். சொன்னேன். "எந்தக் கால் அக்கா?" என்றான். இடது கால் என்றேன். "அப்போ இடது பக்கம் நடைவழி வர்ற மாதிரி சீட்டா போட்டுத் தரேன், அந்தக் காலை தாராளமா நீட்டிக்கலாம்" என்றான்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். எந்தக் கால் என்று கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? பெற்ற பிள்ளைக்கே சில நேரம் எந்தக் கால் என்று நினைவிருக்காது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பிள்ளையா இருக்கான்" என்றார்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். முன்னால் சீட்டே இல்லாத வரிசை, ஒருவர் காலை முழுசாக நீட்டிப் படுத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் இரண்டு விமானத்திலும் சேர்த்து 'சொகுசு பேக்' 31,850 ரூபாய். கொஞ்சம் யோசித்தேன். "இன்னிக்கு விட்டா அந்த வரிசை போயிடும் அக்கா" என்றான். ஜிபேயில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் தளத்தின் முத்திரையோடு ஒரு பிடிஎஃப் வந்தது. இரண்டு விமானத்துக்கு நேராகவும் 'கூடுதல் கால் இடம் – உறுதி' என்று இருந்தது. முதல் விமானத்துக்கு சீட் எண் இருந்தது, இரண்டாவதுக்கு இல்லை. அதையும் கேட்டேன். "லாங் ஃப்ளைட்டுக்கு செக்-இன் டைம்லதான் நம்பர் விழும், பயப்படாதீங்க" என்றான். கேட்டேன், பதில் வந்தது, விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

சென்னை விமான நிலையத்தில் இரவு ஒரு மணிக்கு கவுன்டரில் நிற்கிறோம். அம்மா வீல்சேரில். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "மேடம், இது எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை. வீல்சேர்ல வர்றவங்களை அங்கே உட்கார வைக்கக் கூடாது" என்றார்.

விஷயம் உண்மைதான். அவசரக் கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் தேவைப்பட்டால் கதவைத் திறந்து மற்றவர்களை வெளியேற்ற உதவ வேண்டும். எல்லோரும் தடையில்லாமல் வெளியேறத்தான் அங்கே அவ்வளவு இடம் விட்டிருக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், நடக்க உதவி தேவைப்படுகிறவர்கள் யாருக்கும் அந்த வரிசை கிடையாது. பாதுகாப்பு விதி அது, கவுன்டர் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். வீல்சேர் என்று தெரிந்து, முழங்கால் என்று தெரிந்து, எந்தக் கால் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டு, உட்காரவே முடியாத சீட்டை எங்கள் தலையில் கட்டினானே, அவன் மேல்தான் கோபம்.

சரி, முதல் விமானம் நாலு மணி நேரம்தானே, சமாளிக்கலாம் என்று இரண்டாவதைக் கேட்டேன். "அதுக்கு நீங்க சீட்டுக்குப் பணமே கட்டலையே மேடம்" என்றார். அம்மாவுக்கு 41-ஈ, எனக்கு 44-எஃப். அந்த விமானத்தில் எகானமியில் மூன்று, நான்கு, மூன்று என்று வரிசைக்குப் பத்து சீட்டு. 'ஈ' என்றால் நடுவில் இருக்கும் நாலில் உள்பக்கம். பிடிஎஃப்பைக் காட்டினேன். "இது உங்க ஏஜென்ட் அடிச்சது மேடம், எங்க சிஸ்டத்துல இல்ல" என்றார். விமானம் நிரம்பிவிட்டது, வேறு சீட்டும் இல்லை.

முதல் விமானம் எப்படியோ போனது. இரண்டாவதில் அம்மாவின் வரிசையில் இருந்தவர்களிடம் கேட்டு, ஒரு புண்ணியவான் இடம் மாற ஒத்துக்கொண்டதால், நான் அம்மாவுக்குப் பக்கத்து சீட்டுக்கு வந்தேன். நடைவழி ஓரத்தில் இருந்தவர் மாறவில்லை. அவரும் காசு கொடுத்து எடுத்திருப்பார், குறை சொல்ல மாட்டேன். அம்மாவின் முன் சீட்டுக்கு அடியில் டிவித் திரைக்கான கறுப்புப் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தது. இருக்கிற கொஞ்ச இடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டது. வலது காலை ஒருவிதமாக நுழைத்துக்கொண்டார், இடது கால் பெட்டியில் இடித்து மடங்கியே இருந்தது. என் துணிப்பையைக் காலடியில் வைத்துப் பார்த்தோம், போர்வையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் கொடுத்துப் பார்த்தோம். விளக்கை அணைத்தபின் முன் சீட்டுக்காரர் சீட்டைச் சாய்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமே என்ற கூச்சத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். பதினாறு மணி நேரத்தில் மூன்று முறைதான் எழுந்தார். அதுவும் நான் கட்டாயப்படுத்தி.

இறங்கும்போது செருப்பு காலில் ஏறவில்லை. வாரை அவிழ்த்தும் ஏறவில்லை. டாலஸ் விமான நிலையத்தில் அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக வீல்சேரில் வந்தார், இன்னொரு செருப்பு மடியில் இருந்தது. தங்கை நிறைமாத வயிற்றோடு அதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

அன்றைக்கே தளத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பையனின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பொது எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்தபின் ஒரு பெண் எடுத்து, "சீட் பிரச்சினைக்கு ஏர்லைன்ஸைக் கேளுங்க" என்றார். விமான நிறுவனத்தைக் கேட்டால் "ஏஜென்ட் வழியா வாங்கினதை ஏஜென்ட்கிட்டத்தான் கேக்கணும்" என்கிறார்கள். ஆனால் அங்கே பேசியவர் ஒரு உபகாரம் செய்தார். எங்கள் பேரில் என்ன பணம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். முதல் விமானத்தின் இரண்டு எக்ஸிட் சீட்டுக்கு 8,600 ரூபாய். அவ்வளவுதான். இரண்டாவது விமானத்துக்கு ஒரு பைசா இல்லை. வீல்சேர் பயணிக்கு எக்ஸிட் சீட்டு வாங்கினால் அந்த 8,600-ம் திரும்பாது, விதியில் இருக்கிறதாம்.

ஆக, நான் கொடுத்தது 31,850, விமான நிறுவனத்துக்குப் போனது 8,600, மீதி 23,250 ரூபாய் இவர்கள் கையில். கால் நீட்ட இடம் வேண்டும் என்று நான் அழுது கேட்டது அந்தப் பதினாறு மணி நேரத்துக்கு. அதற்குத்தான் எதுவுமே வாங்கவில்லை.

இதைக் கணக்கோடு எழுதி மெயில் அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது' என்று தானாக ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினேன். சொகுசு பேக் என்பது சேவைக் கட்டணம், சீட்டுக்கு உத்தரவாதம் இல்லை, இடம் இருந்தால் மட்டுமே என்று விதிமுறையில் உள்ளது என்று ஒரு பத்தி வந்தது. 'உறுதி' என்று போட்ட பிடிஎஃப்பை இணைத்து மூன்றாவது முறை எழுதினேன். நல்லெண்ண அடிப்படையில் 2,000 ரூபாய் அவர்களுடைய வாலட்டில் போடுகிறார்களாம், 90 நாளுக்குள் அவர்களிடமே இன்னொரு டிக்கெட் எடுத்தால் கழித்துக்கொள்ளலாமாம். நான் கேட்டது 31,850. எனக்கு அவர்களுடைய வாலட் வேண்டாம்.

அண்ணன் ஊரிலிருந்து 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்துவிட்டார். தளத்தின் குறைதீர் அதிகாரிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 48 மணி நேரம் நேற்றே முடிந்தது. தீர்க்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

டிப்ஸ் என்று பெரிதாக எழுத இப்போது மனசில்லை, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கான பணத்தை எந்தத் தளத்துக்கும் கொடுக்காதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் ஆறு எழுத்து பிஎன்ஆரை வைத்து விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குள் போய் நீங்களே சீட்டு வாங்குங்கள். தளம் தருகிற புக்கிங் எண் வேறு, விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறு. சீட்டுக்குப் பணம் கட்டினால் பெரிய விமான நிறுவனங்களில் பொதுவாக இஎம்டி என்று 13 இலக்க எண்ணோடு ரசீது வரும். அது வரவில்லை என்றால் சீட்டு உண்மையிலேயே வாங்கப்பட்டதா என்று விமான நிறுவனத்திடமே கேளுங்கள், எத்தனை பிடிஎஃப் வந்தாலும் சரி. சீட் எண் இல்லாமல் 'உறுதி' என்று இருந்தால் அன்றைக்கே விமான நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

வீல்சேர் கேட்டிருந்தால் எக்ஸிட் வரிசை கிடையவே கிடையாது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் வரும் முதல் வரிசை கிடைக்கலாம், ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். மூட்டுவலிக்காரர்களுக்கு வேறெதுவும் கிடைக்காவிட்டாலும் நடைவழி ஓரம் கட்டாயம். டாக்டரைக் கேட்டு அழுத்தக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஜிபேயில் கட்டாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டு அந்தத் தொகையை நிறுத்திவைக்கக் கேட்டிருக்கலாம். நான் அனுப்பியது நேராகப் போய்விட்டது.

அம்மாவின் திரும்பும் டிக்கெட்டுக்கு நேற்று ராத்திரி விமான நிறுவனத்தின் தளத்திலேயே நடைவழி சீட்டு வாங்கினேன், இரண்டு விமானத்துக்கும். இடது பக்கம் வழி இருக்கிறதா என்று சீட் வரைபடத்தில் மூன்று தரம் பார்த்தேன். 13 இலக்க எண் மெயிலில் வந்திருக்கிறது, பிரின்ட் எடுத்து அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன். இதே மாதிரி போனில் பேசி சீட்டு விற்று யாருக்காவது நடந்திருந்தால், பிடிஎஃப்பும் பணம் கட்டிய ரசீதும் கையில் இருந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரில் சேர்த்துக் கொடுக்க அண்ணன் கேட்கிறார்.