பூடில் நாய்க்கு முடி வெட்டுற கிளிப்பர் வாங்கப் போறீங்களா? ரூ. 8,450 போன கதையைப் படிச்சிட்டு வாங்குங்க

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரீல்ஸ் போட்டு நாய்ப் பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் பக்கம் அது. ‘ப்ரொபஷனல் ஏ5 கிளிப்பர்’ (பிளேடைக் கழற்றி மாற்றும் வகை) என்று சொல்லி ரூ. 8,450 வாங்கிக்கொண்டு, ஆம்பளைங்க தாடி எடுக்கிற டிரிம்மரைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என்ன பார்த்து வாங்கணும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாடி டிரிம்மர் பூடிலுக்கு ஏன் ஆகாது? பூடில் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்கிற முடியும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த அடர்த்திக்கு மோட்டாரில் தெம்பு இல்லையென்றால் பிளேடு பாதியில் திணறும், வெட்டாமல் முடியைக் கவ்வி இழுக்கும். ஏ5 வகையில் மோட்டாரும் பலமானது, பிளேடையும் பின்பக்கக் கீலில் ‘டக்’கென்று கழற்றி மாட்டலாம். ஆண்டிஸ், ஆஸ்டர், வால் (Wahl) என எந்தக் கம்பெனி ஏ5 பிளேடானாலும் பொருந்தும். முகத்துக்கும் பாதத்துக்கும் 10 அல்லது 15 எண் பிளேடு, உடம்புக்கு 7எஃப், 5எஃப், 4எஃப் (எஃப் என்றால் பல் எல்லாம் ஒரே நீளம்) என்று மாற்றிப் போட்டுத்தான் வேலை செய்ய முடியும். எண் கூடக் கூட முடி குட்டையாகும். 10 போட்டால் 1.5 மில்லிமீட்டர் நிற்கும், 4எஃப் போட்டால் 9.5.

இதையெல்லாம் அந்தப் பக்கத்தில் விற்கிற ஆள் அட்சரம் பிசகாமல் சொன்னார். அதனால்தான் நம்பிக்கை வந்தது. வீடியோ காலில் கிளிப்பரைக் காட்டி, கண்ணெதிரே கீலை மடக்கிப் பிளேடைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ஒரு வெள்ளை பூடிலின் காலில் ஓட்டினார், ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போனது. “முகத்துக்கு 15 போடாதீங்க மேடம், புதுசுல 10 போதும், தோல் எரியும்” என்று அக்கறையாக வேறு சொன்னார். சரியான அறிவுரைதான். ஒரு 10 பிளேடு இலவசம் என்றார். யூபிஐயில் ரூ. 8,450 போனது.

வந்த பெட்டியில் இருந்தது வேறு மெஷின். கீலே கிடையாது, பிளேடு இரண்டு திருகாணியில் நிற்கிறது. ‘இலவச’ பிளேடை அதில் மாட்ட இடமே இல்லை. உலோகத்தில் பொறித்திருக்க வேண்டிய 10 என்ற எண் அதில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் உரிகிறது. மெஷினில் பொருத்தியிருந்த பிளேடு இன்னும் மோசம். அசைகிற மேல்பிளேடு, அடியில் சீப்பு மாதிரி இருக்கும் அசையாத பிளேடின் பல்லை விடச் சற்று உள்ளே இருக்க வேண்டும். இதில் மயிரிழை அளவு வெளியே நீட்டியிருந்தது. அதை அப்படியே வைத்தால் தோலைக் கிழித்துவிடும். காது ஓரம், அக்குள், பின்தொடைக்கு முன்னால் இருக்கும் மடிப்பு எல்லாம் காகிதத் தோல். கையில் பிடித்துச் சும்மா ஓடவிட்டதற்கே சீக்கிரம் சூடேறியது.

கேட்டதும் பதில்கள் வந்தன பாருங்கள். முதலில் “எண்ணெய் விட்டீங்களா மேடம்?” எண்ணெய் விட்டால் கீல் முளைக்குமா? பிறகு “உங்க நாய் முடியில சிக்கு இருக்கும், அதான் இழுக்குது.” நாய் மேல் வைக்கவே இல்லை என்று சொல்லி, பிளேடைக் கிட்டத்தில் எடுத்த படத்தையும் அனுப்பினேன். “பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” எடுத்திருந்தேன், அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் நோட்: “திறந்த ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது, கம்பெனிகிட்ட பேசிக்கோங்க.” எந்தக் கம்பெனி? பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதியாளர் முகவரியும் இல்லை. ரூ. 8,450-ஐத் திருப்பிக் கேட்டால் “ஓனர் வெளியூர்.” கடைசியில் பிளாக். அந்தப் பக்கத்தில் அதே வெள்ளை பூடில் வீடியோ இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வீடியோவைப் பற்றி ஒன்று. குளிப்பாட்டி, ட்ரையரில் காற்றடித்தபடியே ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் பிரஷ்) போட்டுச் சுருளை நீட்டி, இரும்புச் சீப்பு வேரிலிருந்து நுனி வரை தடையில்லாமல் போகும் முடியில் சுமாரான மெஷின்கூட ஓரளவு வழுக்கும். தானாகக் காயவிட்ட சுருள் முடியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வண்டவாளம் தெரிந்துவிடும்.

இனி வாங்குகிறவர்களுக்கு. அட்வான்ஸாகப் பணம் அனுப்பாதீர்கள். மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். கீல் தெரிகிற மாதிரி, பில்லோடு சேர்த்துப் படம் கேளுங்கள். ‘ஸ்கிப் டூத்’ என்று பல் விட்டுவிட்டு இருக்கும் பிளேடைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், புதியவர்கள் தொடவே வேண்டாம். பல் இடைவெளியில் தோல் மாட்டும். உடம்புக்கான பிளேடில் எஃப் போட்டது மட்டும் வாங்குங்கள்.

ஏமாந்தவர்கள் சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. பணமோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930, உடனே கூப்பிடுங்கள். மீதியை எழுத இப்போது பொறுமை இல்லை, 1915-இல் இன்னும் லைன் கிடைக்கவில்லை.